சரிபாதி கடலில் விழுகிறது

வைட்ஹார்ஸ், யூகான்
ஜனவரி 12, 2025

பெர்னிஸ்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைத் திறக்காமல் இரண்டு நாள் எங்கேயாவது சாய்த்து வைத்திருப்பாய். மூன்றாம் நாளாவது திறப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம். சிரிக்காதே. நாற்பத்தாறு வயதில் என்ன அவசரம் என்று இங்கே விமான நிலையத்தில் என்னோடு பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அவள் பெயர் டெல்ஃபீன். கியூபெக்கிலிருந்து இருபது வருடத்துக்கு முன் இங்கே வந்தவள், ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு ஓடுதளத்தைச் சுத்தம் செய்துவிட்டு நேரே அவள் கடைக்குத்தான் போவேன். மூன்று வருடம் ரொட்டி வாங்கிய பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்: "நீ ஒண்டி ஆளு. வாரத்துக்கு ஒன்பது ரொட்டியை என்னதான்யா பண்றே?"

ஜூன் 28, சனிக்கிழமை. பதிவு ஏட்டில் சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அவள் பக்கம் அவளுடைய தோழி நிற்கிறாள். என் பக்கம் நீ நிற்க வேண்டும். கேட்க நினைத்தது இவ்வளவுதான்.

தூரத்தைச் சொல்லித் தட்டிக் கழிக்காதே. கணினியில் பார்த்துவிட்டேன். செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்திலிருந்து வைட்ஹார்ஸ் விமான நிலையத்துக்கு ஐயாயிரத்து நூற்று எழுபது கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஆறு மணி ஐம்பத்தைந்து நிமிடம். என் ஒருநாள் வேலையைவிடக் குறைவு.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நமக்கு நடுவே எத்தனை மணி வித்தியாசம் என்று எண்ணி நான் ஒருமுறை தப்பு செய்ததே போதும். கடிதத்துக்கு மணி பார்க்க வேண்டாம்.

அம்புரோஸ்

*

டோர்பே, நியூஃபவுண்ட்லாந்து
ஜனவரி 27

அம்புரோஸ்,

இரண்டு நாள் இல்லை, ஒரு நாள்தான். பிரித்ததும் நின்றபடியே படித்தேன். டெல்ஃபீனுக்கு என் வாழ்த்தைச் சொல். ஒன்பது ரொட்டியைக் கவனிக்கிற பெண் உன்னையும் கவனித்துக்கொள்வாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதை எழுதிவிட்டு மீண்டும் படித்துப் பார்த்தேன், அந்த வரியை அடித்துவிடத் தோன்றவில்லை.

ஆனால் நீ சொன்ன ஆறு மணி ஐம்பத்தைந்து நிமிட விமானம் உலகத்தில் கிடையாது. அந்தக் கணினிப் பக்கம் வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்து வேகத்தால் வகுத்துச் சொல்கிறது. அந்தக் கோட்டில் எவரும் பறப்பதில்லை. இங்கிருந்து டொராண்டோ, அங்கிருந்து வான்கூவர், பிறகு உன் ஊர். மூன்றையும் கூட்டினால் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். ஆகாயத்தில் பதினோரு மணி நேரம், இடையில் காத்திருப்பது நாலு மணி நாற்பது நிமிடம். என் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து உன் வீட்டுக் கதவைத் தட்டுவது வரை பதினெட்டு மணி இருபது நிமிடம். நீ எப்போதுமே கோட்டைத்தான் பார்ப்பாய். பயணத்தைப் பார்க்க மாட்டாய்.

இதற்கும் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். இருக்கிறது.

கொரோனாவுக்குப் பயந்து வெளியாட்களைத் தீவுக்குள் விடாத வருடம் அது. நீ கணினித் திரையில் வருவதாக ஏற்பாடு. மாலை ஏழு மணி என்று பேச்சு. அதே ஞாயிறு விடியலில்தான் நாங்கள் கோடைக்காக எங்கள் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளினோம். உங்கள் யூகான்காரர்கள் அதற்கு முந்தைய வருடமே இனிக் கடிகாரத்தைத் தொடப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். நமக்குள் இருந்த குளிர்காலத்து மூன்றரை மணி வித்தியாசம் அன்று காலையிலேயே நாலரை ஆகிவிட்டது. நீ அந்தப் பழைய மூன்றரையைக் கழித்துக்கொண்டு எங்கள் கடிகாரத்தில் சரியாக எட்டு மணிக்கு வந்தாய், கழுத்தில் டை கட்டி, தலை சீவி. அப்பா ஏழே முக்கால் வரை கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் வேலையில மாட்டிக்கிட்டான் போல. பாவம், அவனுக்கும் ஒரு துண்டு எடுத்து வை" என்று சொல்லிக் கேக்கை வெட்டிவிட்டுப் படுக்கப் போனார். அக்டோபரில் இறந்தார். அதற்கும் நீ ஒரு நாள் தாமதம்.

ஜூனில் எனக்குத் தேர்வுத் தாள்கள் இருக்கும். என்னால் வர முடியாது. பாதையும் விமானமும் இரண்டு பக்கமும் போகிறவைதான் என்பதையும் நினைவில் வை.

பெர்னிஸ்

*

வைட்ஹார்ஸ்
பிப்ரவரி 10

பெர்னிஸ்,

கேக் விஷயத்தில் நான் குற்றவாளி. அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே பாதி ஊர் அந்த வருடம் ஏதோ ஒன்றைத் தவறவிட்டது. பல் டாக்டர், வழக்கு விசாரணை, ஒருத்தன் சொந்த நிச்சயதார்த்தம். நான் தவறவிட்டது அப்பா கேக் வெட்டியதை. அதைச் சொல்லி நீ இன்னும் பத்து வருடம் திட்டலாம்.

அடக்கத்துக்குத் தாமதமானது என் குற்றம் இல்லை. உன் ஊர் மூடுபனி. விமானம் செயின்ட் ஜான்ஸுக்கு மேலே மூன்று சுற்று சுற்றிவிட்டு ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்பியது. இது உனக்குத் தெரியும். தெரிந்தும், நான் பையோடு வாசலில் வந்து நின்றபோது நீ என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "இப்ப எதுக்குடா வந்தே? எல்லாம் முடிஞ்சாச்சு. டீ மட்டும்தான் மிச்சம் இருக்கு." உள்ளே அத்தனை சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த டீயைக் குடிக்காமல் மறுநாள் காலையே திரும்பினேன். மூன்றரை வருடமாகிறது.

டெல்ஃபீன் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சண்டை போடவா எழுதுறே, கூப்பிடவா?" என்கிறாள். இரண்டுக்கும்தான்.

சரி, ஒரு யோசனை சொல்கிறேன். நாம் இரட்டையர்களாகப் பிறந்த பாவத்துக்கு அம்மா எதைக் கொடுத்தாலும் ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும் என்பாள். இப்போது நான் வெட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துப் பேசுவோம். பாதி தூரம் நீ வா, பாதி தூரம் நான் வருகிறேன். ஒரு கிலோமீட்டர் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பேசி முடித்த பிறகு என் பக்கம் நிற்பதா இல்லையா என்று நீ சொல். பாதி எங்கே என்பதையும் நீயே கண்டுபிடி. கணக்கு டீச்சர் நீதானே.

அம்புரோஸ்

*

டோர்பே
பிப்ரவரி 26

அம்புரோஸ்,

பாதியைக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே ஒரு ஓட்டல்கூட இல்லை.

பள்ளிக்கூட உலக உருண்டையில் செயின்ட் ஜான்ஸில் ஒரு குண்டூசி, வைட்ஹார்ஸில் ஒரு குண்டூசி, நடுவே நூலை இறுக்கிக் கட்டினேன். கோடு நாம் நினைப்பதுபோல மேற்கே போகவில்லை. வடக்கே ஏறி, லாப்ரடாரைத் தாண்டி, கியூபெக்கின் மேல்முனையைக் கடந்து, ஹட்சன் விரிகுடாவுக்குள் இறங்கியது. சரிபாதி அந்த விரிகுடாவில், நல்ல ஆழமான தண்ணீருக்கு மேலே விழுகிறது. ஒருவேளை நான் தப்பாகப் போட்டிருப்பேனோ என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் கடலில்தான் போய் இறங்கினார்கள். மற்ற மூவர் ஐஸ்லாந்தில்.

"மிஸ், உங்க தம்பி நல்லா நீந்துவாரா?"

"இப்ப ஏன்டா நீந்தணும்? எல்லாம் உறைஞ்சுதானே கிடக்கு, நடந்தே போயிடலாம்."

"அங்க வெள்ளைக் கரடி இருக்கும்டா."

"இருந்தா என்ன? மிஸ் குடும்பம்ல, அதுவும் ஆளுக்குப் பாதிதான் சாப்பிடும்."

நான் சிரித்துவிட்டேன். வகுப்பில் உன்னைப் பற்றிப் பேசிச் சிரித்தது இதுதான் முதல் முறை. எனக்கு ஒரு தம்பி இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வரும்போது வண்டியில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்றரை வருடமாக யாராவது "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டால், "மேற்கே ஒருத்தன் இருக்கான்" என்று, வானிலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூரத்தில் பாதி கிடைக்காததால் நேரத்தில் பார்த்தேன். வினிபெக். நான் டொராண்டோ வழியாக வர வேண்டும், நீ வான்கூவர் வழியாக. காத்திருப்பையும் சேர்த்தால் உனக்கு ஒன்பது மணி நேரம், எனக்கு ஒன்பது மணி பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கிறேன். உனக்குப் பதினோரு நிமிடம் முன்னால் பிறந்தவள், அது என் கடமை.

வாசலில் நான் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. அதை நேரில் பேசுவோம்.

பெர்னிஸ்

*

வைட்ஹார்ஸ்
மார்ச் 13

பெர்னிஸ்,

உன் கடிதத்தை டெல்ஃபீனுக்கு வாசித்துக் காட்டினேன். மாவுக் கையோடு உட்கார்ந்து கேட்டாள். கரடி வந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "கடலுக்கு நடுவுல சந்திக்கலாம்னு கணக்குப் போட்ட பொம்பளையை எனக்கு இப்பவே பிடிச்சுப் போச்சு. ஆனா கல்யாணத்துக்கும் பாதிதான் வருவாளாமா? எந்தப் பாதி, தலையா காலா? முன்கூட்டியே சொல்லச் சொல்லு, நாற்காலி போடணும்."

மே 17, சனிக்கிழமை, விக்டோரியா நாள் விடுமுறையின் முதல் நாள். வினிபெக் விமான நிலையம், பயணப் பைகள் வரும் இடம். வினிபெக் கடிகாரத்தில் மாலை நான்கு மணி. உன் கடிகாரத்தில் ஆறரை. என் கடிகாரத்தில் இரண்டு. மூன்று பேரிடம் சரிபார்த்துவிட்டேன், அதில் ஒருவர் விமானி.

திங்கள்கிழமை வரை அறை எடுத்திருக்கிறேன், இரண்டு அறை. பக்கத்தில் ஒரு பூங்காவும் கால்பந்து மைதானமும் இருக்கிறதாம். சண்டை முற்றினால் ஆளுக்கு ஒரு பக்கம் நடக்கலாம்.

அம்புரோஸ்

*

டோர்பே
ஏப்ரல் 2

வருகிறேன். மே 17, வினிபெக் மணி நான்கு.

மற்ற இருவர் யார்?

பெ.

*

செயின்ட் ஜான்ஸ் விமான நிலையம்
மே 18, ஞாயிறு

அம்புரோஸ்,

நீ இந்நேரம் வினிபெக்கில் இருக்கிறாய். நான் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் இருக்கிறேன். நேற்று விடியற்காலை மூன்றரை மணி முதல் இங்கேயே இருக்கிறேன்.

மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே விமானத்தின் மூக்கு மட்டும் தெரிகிறது, வால் தெரியவில்லை. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் பலகையில் ஒரு புது நேரம் வருகிறது, பிறகு அதுவும் அழிகிறது. முகப்பில் இருக்கும் பெண்ணிடம் ஐந்தாம் முறை போய்க் கேட்டேன். அவளும் டோர்பேக்காரிதான். "ஏ பொண்ணே, பனியை நானா வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டேன்? நீயே வெளிய போய்ப் பேசிப் பாரு. டீச்சர் சொன்னா கேட்டாலும் கேட்கும்." பிறகு, "யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?" என்றாள். "தம்பி" என்றேன். அவள் ஒரு போர்வை கொடுத்தாள்.

உன் ஓட்டலுக்குச் செய்தி சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். போகவில்லை. பனி விலகி விமானம் கிளம்பும்போது நான் இல்லாமல் போய்விட்டால்? முப்பது மணி நேரமாக இதே எண்ணம்தான். கழிப்பறைக்குப் போகும்போதும் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

இங்கே உட்கார்ந்துதான் ஒன்று புரிந்தது. அப்பாவின் அடக்கத்துக்கு வரும்போது நீ ஹாலிஃபாக்ஸில் எவ்வளவு நேரம் இருந்தாய், எங்கே உட்கார்ந்தாய், எதைச் சாப்பிட்டாய் என்று நான் கேட்டதே இல்லை. மூடுபனி என்று யாரோ சொன்னார்கள். மூடுபனி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது அடி தள்ளிப் போகாமல் அதற்குள்ளேயே வாழ்கிறவளுக்கு அதைப் பற்றித் தெரிந்தது குறைவுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வராது. நீ வாசலில் நின்றபோது உன் சட்டைக் காலர் அழுக்காகக் கறுத்திருந்தது. கண் சிவந்திருந்தது. அதைப் பார்க்காமல் நான் அப்படிச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நான்கு நாள் தனியாக எல்லாவற்றையும் செய்த கோபம். அதைக் கொட்ட அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த ஒரே சொந்த ஆள் நீதான்.

மன்னித்துவிடு.

இதோ, இன்றைய விமானமும் ரத்து என்கிறார்கள். அடுத்தது செவ்வாய்க்கிழமை காலையாம். நீ திங்கள் மாலை திரும்பிவிடுவாய்.

பெர்னிஸ்

*

வைட்ஹார்ஸ்
மே 30

பெர்னிஸ்,

வினிபெக்கில் அந்தச் சனிக்கிழமை நான் மூன்றே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். பிறகு ஓட்டலுக்குப் போனதும் முகப்பில் இருந்த பெண் கூப்பிட்டாள். "சார், உங்களுக்கு ஒரு சேதி. 'மூடுபனி, வர முடியவில்லை, பெர்னிஸ்.' அவ்வளவுதான் சார்."

"வேற ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"சொல்லலை. அழற மாதிரி இருந்துச்சு. அதை நான் எழுதிக்கலை."

பெர்னிஸ், மூன்று நாளும் வினிபெக்கில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கிறுக்கன் என்று நினைக்காதே. நீ வராமல் இருந்ததற்குக் காரணம் நீ இல்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது. கால்பந்து மைதானத்தில் உன் பக்கத்தை விட்டுவிட்டு என் பக்கம் மட்டும் நடந்தேன்.

ஹாலிஃபாக்ஸ் பற்றிக் கேட்டதே இல்லை என்று எழுதியிருந்தாய். யாரும் கேட்காததால் டெல்ஃபீனுக்குக்கூட நான் சொன்னதில்லை.

முப்பத்தொரு மணி நேரம். விமானம் ஏறும் பன்னிரண்டாம் வாசலுக்கு எதிரே, ஜன்னல் ஓரம். அடக்கம் காலை பத்து மணிக்கு என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். ஹாலிஃபாக்ஸில் அது ஒன்பதரை. இந்த முறை அரை மணியை ஒழுங்காகக் கழித்தேன். ஒன்பதரைக்கு எழுந்து, தொப்பியைக் கழற்றி, கிழக்கே பார்த்து அந்த வாசலுக்கு முன்னால் நேராக நின்றேன். உட்கார்ந்துகொண்டு அப்பாவை அனுப்ப மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு அம்மா வந்து நின்றாள். "வரிசை இங்கதானா தம்பி?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் பின்னால் ஒருவர், அவர் பின்னால் ஒரு குடும்பம். விமானத்தில் ஏற வரிசை தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது ஏழு பேர். எல்லாரும் செயின்ட் ஜான்ஸ் போக வேண்டியவர்கள். இருபது நிமிடம் அப்படியே நின்றார்கள். பிறகு விமான நிலையத்துப் பெண் வந்து, "என்னங்க இது, யாரு வரிசையில நிக்கச் சொன்னா?" என்று கலைத்துவிட்டாள். என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.

நீ அங்கே எத்தனை பேரோடு நின்றாயோ தெரியாது. என் பக்கம் ஏழு பேர் நின்றார்கள். அப்பா கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீ எழுதியதைப் படித்த அன்றே அது முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு வா என்று மறுபடி கேட்கப் போவதில்லை. நீ கிளம்பினாலும் உன் ஊர்ப் பனி விட வேண்டும். பதிவு அலுவலகத்தில் என் பக்கச் சாட்சியின் பெயரைக் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். "அவங்க வராட்டி மாத்து ஆள் யாரு?" என்றார் குமாஸ்தா. இல்லை என்று சொல்லிவிட்டேன். டெல்ஃபீனுக்கு அதில் கொஞ்சம் கோபம். "அவ வரலைன்னா நமக்குக் கல்யாணமே இல்லையா? ரொட்டிக்கு மாவு பிசைஞ்சு வெச்சுட்டு அடுப்பை மூடச் சொல்றியே!" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் மாற்றவில்லை.

அம்புரோஸ்

*

டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே
ஜூன் 24, செவ்வாய்

அம்புரோஸ்,

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. உன் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் படித்தேன். ஏழு பேர் வரிசையில் நின்ற இடம் வந்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல்வரிடம் போய் விடுமுறை கேட்டேன். "கல்யாணம் சனிக்கிழமைங்கிறீங்க. செவ்வாயே எதுக்குப் போகணும்?" என்றார். "பனிக்கு மூணு நாள் ஒதுக்கியிருக்கேன்" என்றேன். அவரும் நம் ஊர்க்காரர், மேலே கேட்கவில்லை. தேர்வுத் தாள்களைப் பெட்டியில் எடுத்து வருகிறேன். உன் அடுப்படி மேஜையில் திருத்துவேன்.

இன்று காலை பனியே இல்லை. ஐந்தரைக்கு வெயில் பளீரென்று அடித்தது. போர்வை கொடுத்த அந்தப் பெண்தான் முகப்பில் இருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வினிபெக் இல்லையா? இந்தத் தடவை ஒரேயடியா அந்தக் கோடி வரைக்குமா?" என்றாள். "ஆமா, அந்தக் கோடி வரைக்கும்தான்."

வினிபெக்கைச் சற்று முன் தாண்டினோம் என்று விமானி அறிவித்தார். கீழே மேகம், ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். இவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போது விழித்து, நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுக்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா இருக்கு?"

முன்னால் இருக்கிற சின்னத் திரையில் கிலோமீட்டர், மணி, நிமிடம் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் பார்க்கவில்லை.

"தெரியலைங்க. தம்பி கல்யாணத்துக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

"அப்படியா, சந்தோஷம். என்னைக்குக் கல்யாணம்?"

"சனிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்தானேம்மா!"

"ஆமாங்க. கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பிட்டேன்."

பெர்னிஸ்